மரத்தடியில் எட்டுத் துளைகள்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு நிழல் சார் என்று பெயர். வைத்தவர்கள் ரோடு போடும் ஆட்கள். ஓவர்சியர் என்றால் வெயிலில் நிற்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம். இவரோ ஜல்லி கொட்டினாலும் தார் ஊற்றினாலும் பக்கத்தில் எங்கே ஒரு மரம், எங்கே ஒரு சுவர் என்று பார்த்து அங்கே போய் நின்றுகொள்வார். சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது. நெற்றியில் பத்து நிமிடம் வெயில் பட்டால் போதும், ஒற்றைத் தலைவலி வந்துவிடும். இடது கண்ணுக்கு மேலே தொடங்கி, வாந்தியில் போய் நின்று, இரண்டு நாள் ஆளைப் படுக்கையில் போட்டுவிடும். இதெல்லாம் தெரிந்த நாங்களும் அவரை நிழல் சார் என்றுதான் கூப்பிட்டோம்.

நான் அந்தப் பிரிவில் தட்டச்சர். நகராட்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் எங்கள் அறை. இரண்டு மேசை, நான்கு அலமாரி, ஒரே பக்கம் பார்த்துச் சுற்றும் ஒரு மின்விசிறி. பத்தொன்பது வருடம் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவர் கையால் எழுதுவார், நான் அடிப்பேன். அவர் எழுத்து குண்டு குண்டாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கும். பொய் சொல்லத் தெரியாத ஆளின் எழுத்து என்று நினைத்துக்கொள்வேன். எழுத்தைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கத்தை அதற்குப் பிறகு விட்டுவிட்டேன்.

வாய்க்காலை ஒட்டிய நடைபாதை அவர் மேற்பார்வையில் போட்டது. மூன்று கிலோமீட்டர். ஒரு முனையில் நாங்கள் குடியிருக்கும் தெருக்கள், மறுமுனையில் பெரிய மருத்துவமனை. தார் போட்ட பாதை. நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் சக்கர நாற்காலிக்கும் மட்டும்தான் அனுமதி. வழியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒன்பது தூங்குமூஞ்சி மரங்கள். போட்ட நாலாம் வருடமே வெடிப்பு விட ஆரம்பித்தது. எட்டாம் வருடத்தில் தார் பாளம் பாளமாகப் பெயர்ந்து ஜல்லி பல்லைக் காட்டியது. ஆனால் ஒன்பது மரத்துக்கு அடியிலும் பாதை நேற்றுப் போட்டது போலக் கிடந்தது. ஒரு கீறல் கிடையாது.

ஊரில் இதற்கு ஒரு விளக்கம் இருந்தது. காலையில் நடக்க வரும் ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் ஒருவர், வெயில்தான் தாருக்கு எமன், நிழல் அதைக் காப்பாற்றுகிறது என்று வருகிறவர் போகிறவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தார். ஊர் நம்பியது. எங்கள் இன்ஜினியர் அம்மாவும் நம்பி, பாதை நெடுகிலும் மரம் நட ஒரு குறிப்பு எழுதச் சொன்னார். நிழல் சார் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். நான் அடித்தேன். கன்றுகள் வந்தன, நட்டார்கள், ஆடு தின்றது.

நிழல் சாருக்கு ஒரு அக்கா. மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர். சிறு வயதிலேயே இரண்டு காலும் விளங்காமல் போய்விட்டது. ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் யாரும் எழுந்து நிற்பார்கள். வீட்டிலும் போனில் பேசுகிற மாதிரியேதான் பேசுவார். நாம் இடையில் பேசினால் கையை உயர்த்தி, “லைன்ல இருங்க” என்பார். தம்பியும் சரி, அக்காவும் சரி, கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். “எனக்கு சக்கரம் இருக்கு, அவனுக்குத் தலைவலி இருக்கு. மூணாவதா ஒரு ஆள் எங்க உக்காரும்?” என்றார்.

அந்தப் பாதை வந்த பிறகுதான் அக்கா முதல்முறையாக யாருடைய தயவும் இல்லாமல் வேலைக்குப் போனார். பெரிய சாலையில் மேம்பாலம், லாரிகள். சக்கர நாற்காலிக்கு அங்கே இடமில்லை. வாய்க்கால் பாதையில் கையால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நாற்பது நிமிடத்தில் போய்விடுவார். நாற்காலிக்குப் பின்னால் யாரும் கை வைக்கக் கூடாது. உதவி செய்கிறேன் என்று வந்தவர்களை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். பத்து வருடம் அப்படிப் போனார். தார் பெயர்ந்த பிறகும் குழிக்குக் குழி வளைத்து வளைத்துப் போனார். ஒருநாள் மூன்றாவது மரத்துக்கும் நாலாவது மரத்துக்கும் நடுவில் முன்சக்கரம் குழியில் இறங்கி, ஆளைக் குப்புறத் தள்ளியது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. கை கூடிய பிறகு ஒரு மாதம் ஆட்டோவில் போய்ப் பார்த்தார். டிரைவர் தூக்கி வைத்து, தூக்கி இறக்க வேண்டும். “மூட்டையாவது வாய் திறக்காம கெடக்கும், என்னால முடியல” என்று வேலையை விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு நாலு வருடம் அவருடைய உலகம் அந்த வீடுதான். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். முன்னறையில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுச் சுவர். தரையில் சக்கரம் போய்ப் போய் சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் இரண்டு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. “பாத்தியா, எனக்குன்னு தனியா ஒரு பாதை போட்டுட்டேன். இதுக்கு எவன் கையெழுத்தும் வேண்டாம்” என்று சிரிப்பார். நிழல் சார் அந்தக் கோட்டைப் பார்க்காமல் சுவர் ஓரமாக நடப்பார்.

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அக்காவிடமிருந்து எங்கள் பிரிவுக்கு ஒரு மனு வரும். தபாலில் வரும். ஒரே வீட்டில் இருக்கும் தம்பி கையில் கொடுத்தால் ஆகாதா என்றேன். “அவன் கையில குடுத்தா அது தம்பிக்கு சொன்ன மாதிரி. ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டாதான் ஆபீசுக்கு சொன்ன மாதிரி” என்றார். பால்காரர் வாங்கிக்கொண்டு போய்ப் பெட்டியில் போடுவார். மனுவில் ஒப்பாரி இருக்காது. எத்தனையாவது மரத்திலிருந்து எத்தனை அடியில் எவ்வளவு ஆழக் குழி, புதிதாக எது பெயர்ந்தது, யார் விழுந்தார் என்று நடக்கப் போகிறவர்களிடம் விசாரித்து வரிசையாக எழுதியிருப்பார். கடைசியில் மட்டும் எப்போதும் ஒரே வரி: “காலையில் எழுந்து, யாரையும் கேட்காமல், என் வீட்டை விட்டு நானே வெளியே போக வேண்டும்.”

பதில் எழுத வேண்டியவர் நிழல் சார். “தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது” என்று எழுதித் தருவார். நான் அடித்துத் தபாலில் சேர்ப்பேன். அது மறுநாள் அவர் வீட்டுக்கே போகும். சாப்பிடும்போது அக்கா அதை அவர் எதிரிலேயே உரக்கப் படிப்பாராம். ஒருமுறை எங்கள் பதில் கடிதமே திரும்பி வந்தது. ‘பரிசீலனை’ என்ற சொல்லுக்கு அடியில் சிவப்புக் கோடு போட்டு, “பெட்டியில் போட்டு உறங்க வைப்பது என்ற பொருள் அகராதியில் இல்லை” என்று எழுதியிருந்தார். பிரிவே சிரித்தது. நிழல் சாரும் சிரித்தார், பிறகு கழிப்பறைக்குப் போய் வெகு நேரம் வரவில்லை. எனக்கு அப்போது அவர் மேல் கோபம்தான். சொந்த அக்காவுக்கு ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்ப முடியாத மனிதர் என்ன மனிதர் என்று பொருமினேன்.

நாற்பத்திரண்டாவது மனு வந்த மாதத்தில்தான் சுற்றறிக்கை வந்தது. பத்து வருடத்துக்கு மேற்பட்ட பொதுநடைபாதைகளுக்குப் புது மேற்பரப்பு போட அரசு பணம் ஒதுக்கியிருந்தது. முழுச் செலவும் அவர்களுடையது, நகராட்சி கைக்காசு போட வேண்டாம். விண்ணப்பிக்க ஒன்றரை மாதம் கெடு. இன்ஜினியர் அம்மா முகமெல்லாம் பல்லாக வந்து, “சார், உங்க வாய்க்கால் பாதைக்கு விடிவு காலம் வந்தாச்சு. நீங்க ரிட்டயர் ஆகறதுக்குள்ள முடிச்சுடலாம்” என்று அவர் மேசையில் வைத்துவிட்டுப் போனார். அவருக்கு ஓய்வுக்கு இன்னும் பத்து மாதம்தான் இருந்தது. அக்காவுக்கு இன்றே போய்ச் சொல்லுங்கள் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறைக்குள் அன்று வெயிலே கிடையாது.

சுற்றறிக்கையை வாங்கி நான் படித்தேன். மூன்றாவது பத்தியில் நிபந்தனைகள். பாதையில் எட்டு இடத்தில் இயந்திரத்தால் துளைபோட்டு, உருளையாக வரும் தாரை அளந்து அனுப்ப வேண்டும். பாதை போட்டபோது அளவுப் புத்தகத்தில் எழுதிய கனம் இருந்தால் பாதை காலத்தால் தேய்ந்தது என்று கொள்ளப்படும், பணம் வரும். கனம் குறைந்திருந்தால் முதலில் போட்ட வேலையே குறைபாடு, பணம் கிடையாது, போட்டவர் மீதும் அளந்து கையெழுத்திட்டவர் மீதும் நடவடிக்கை.

“இதுல என்ன சார்? உங்க புத்தகத்துல அஞ்சு சென்டின்னு இருக்கும், துளை போட்டா அஞ்சு சென்டி வரும்” என்றேன்.

“அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வாயேம்மா” என்றார்.

பழைய அளவுப் புத்தகங்கள் பின்னால் உள்ள அறையில், இரும்பு அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும். தேடி எடுத்து, தூசி தட்டி அங்கேயே விரித்தேன். அவரும் பின்னாலேயே வந்துவிட்டார். அவருடைய குண்டு எழுத்து. பாதை போட்டுக்கொண்டு போகும்போது முந்நூறு மீட்டருக்கு ஒரு குழி தோண்டிக் கனம் பார்த்திருக்கிறார். எல்லாம் ஐந்து, ஐந்தேகால். ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் எடுத்த இடம். முதல் மரம் அருகில். இரண்டாம் மரம் அருகில். மூன்றாம் மரம் அருகில். ஒன்பது வரைக்கும் அப்படியே போனது.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. அவர் பேச ஆரம்பித்தார். பேசும்போது என்னைப் பார்க்கவில்லை, அலமாரிக் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“வெயில்ல குனிஞ்சு தோண்டிப் பாக்க முடியாதும்மா எனக்கு. பக்கத்துல மரம் இருந்தா அங்க பாத்துடுவேன். எங்க பாத்தா என்ன, ஒரே பாதைதானேன்னு. அந்த கான்ட்ராக்டரோட மேஸ்திரி அதுக்கு முன்னாடி ரெண்டு வேலையில என்கூட இருந்தவன். நான் எங்க குனிவேன்னு அவனுக்குத் தெரியும்.”

மேஸ்திரி மரத்தடியில் மட்டும் ஐந்து சென்டி போட்டிருக்கிறான். மற்ற இடமெல்லாம் ஒரு விரல் கனம். நிழல் சாருக்கு இது தெரிந்தது வெடிப்பு விட்ட பிறகுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தனியாகக் கடப்பாரையோடு போய், உடைந்த விளிம்பை நெம்பிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். அக்கா தலைவலி என்று நினைத்து நெற்றியில் ஈரத்துணி போட்டாராம்.

“அப்பவே சொல்லியிருக்கலாமே சார்.”

“பயமா இருந்துச்சு. வேலை போயிட்டா நாங்க ரெண்டு பேரும் என்ன பண்றது? அப்புறம் அந்த வாத்தியார் நிழலு நிழலுன்னு ஆரம்பிச்சார். எல்லாரும் நம்பினாங்க. நான் வாயைத் திறக்காம இருந்தா போதும்னு ஆயிடுச்சு.”

பதினோரு வருடமாக இந்த ஆள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்குப் புத்தகத்தை அவர் மேலேயே வீசியிருப்பேன். இப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலையுங்கள், உங்களுக்கு என்ன நடந்தாலும் அக்காவுக்குப் பாதையாவது கிடைக்கட்டும் என்றேன்.

“சொன்னா பாதை கெடைக்காதும்மா. அதுதானே வினையே” என்றார்.

அவர் சொன்னது சரி. குறைபாடு என்று எழுதினால் பணம் வராது. போட்டவன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்பார்கள். அந்தக் கான்ட்ராக்டர் செத்துப்போய் ஆறு வருடம், கம்பெனியும் இல்லை, மேஸ்திரி எங்கே என்று யாருக்கும் தெரியாது. விசாரணை நடக்கும், அது முடிகிறவரை பாதை சாட்சிப் பொருள், யாரும் கைவைக்கக் கூடாது. எங்கள் சந்தைக் கட்டடம் இப்படித்தான் ஒரு வழக்கில் மாட்டி, சுற்றிலும் கயிறு கட்டி, உள்ளே புறாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. விண்ணப்பிக்காமல் சும்மா இருந்தாலும் அக்கா வீட்டுக்குள்தான். இரண்டு பக்கமும் எரிகிற கொள்ளிக்கட்டைக்குள் அகப்பட்ட எறும்பு இருக்கிறதே, அதற்குக்கூட எப்படியோ ஒரு ஓட்டை கிடைக்கலாம். இவருக்கு ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. அன்று தெரியாமல் செய்ததை இன்று தெரிந்து செய்வது. எட்டுத் துளை வேண்டும். அவரிடம் ஒன்பது மரம் இருந்தது.

“எட்டையும் மரத்தடியிலேயே போட்டாலும் மேல மட்டும்தான் ஒரு பூச்சு பூசுவாங்க. அடியில ஒண்ணும் இல்லாத எடத்துல அது மூணு வருஷம் நிக்கும், மிஞ்சினா நாலு” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

அவர் வீட்டில் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அறிவிப்பு செய்தித்தாளில் வந்துவிட்டது. நாற்பத்து மூன்றாவது மனு கெடு முடிய மூன்று வாரம் இருக்கும்போது, முதல் தேதிக்குக் காத்திருக்காமல் வந்தது. சுற்றறிக்கையின் எண், தேதி, கடைசி நாள் எல்லாம் போட்டு, “இனிப் பரிசீலனைக்கு இடமில்லை” என்று எழுதியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அக்கா நாற்காலிக்குப் புது டயர் வாங்கி மாட்டியிருந்தார். தரையில் அது கீச்சுக் கீச்சென்று புது ரப்பர் சத்தம் போட்டது. துளைபோடும் நாளில் தானும் வருவேன் என்றார். “நாலு வருஷமா எழுதியிருக்கேன், ஓட்டை போடறதையாவது கண்ணால பாக்கணும்.” நிழல் சார் வெயில், தூசி என்று ஏதோ சொன்னார். “நீதான் வெயிலுக்குப் பயப்படணும், நான் இல்ல” என்று வாயை அடைத்துவிட்டார்.

அந்த நாளும் வந்தது. காலை ஏழரை மணி. பாதையின் தொடக்கம் வரை அக்காவை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். துளை இயந்திரக்காரர் சிறிய இரும்பு வண்டியில் இயந்திரத்தையும் தண்ணீர் டின்னையும் தள்ளிக்கொண்டு வந்தார். அளவுகளை எழுத நான். உடைந்த பாதையில் தானாகப் போக முடியாது என்பதால் அன்று ஒருநாள் மட்டும் நாற்காலிக்குப் பின்னால் தம்பி கைவைக்க அக்கா சம்மதித்தார். முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி அவர் தள்ளிக்கொண்டு போனார். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் நிழல் கிடையாது. தலையில் ஈரத்துண்டு போட்டிருந்தார்.

முதல் மரத்தடியில் இயந்திரம் கர்ரென்று இறங்கி, கறுப்பு உருளை ஒன்றைத் தள்ளியது. ஐந்து புள்ளி இரண்டு. அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். “கல்லு மாதிரி இருக்கே” என்று சந்தோஷமாக மடியில் வைத்துக்கொண்டார். இரண்டாவது மரத்தடி. ஐந்து. மூன்றாவது. ஐந்து புள்ளி ஒன்று. நாலாவதுக்குப் போகும் வழியில் தான் விழுந்த இடத்தை அக்கா கைகாட்டினார். அங்கே துளை போடவில்லை. நாற்காலி கடகடவென்று ஆடியது, மரத்தடிக்கு வந்ததும் வழுக்கிக்கொண்டு போனது. வழுக்குகிற இடத்தில் இயந்திரத்தை நிறுத்தினார்கள்.

அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டு வந்தார். பத்து வருடம் அந்தப் பாதையில் சக்கரத்தைக் கையால் உருட்டியவர். எந்த அங்குலம் எப்படி என்று அவர் உள்ளங்கைக்குத் தெரியும். ஐந்தாவது மரத்தடியில் துளை முடிந்து, இயந்திரக்காரர் தண்ணீர் மொள்ள வாய்க்காலுக்கு இறங்கினார்.

“டேய்” என்றார் அக்கா.

“ம்.”

“ஒடஞ்ச எடத்துல ஒண்ணுமே போடலையே.”

நிழல் சார் ஈரத்துண்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டார். முகம் வெளுத்து, இடது கண் பாதி மூடியிருந்தது.

“அன்னிக்கும் இப்படித்தானா? பாதை போட்டப்ப அளவு பாக்கத் தோண்டுவீங்கள்ல, அதுவும் மரத்தடியிலதானா?”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். தலைவலி என்று உட்கார்ந்திருக்கலாம். “ஆமாக்கா” என்றார்.

“தெரிஞ்சா?”

“அன்னிக்குத் தெரியாது. இன்னிக்குத் தெரிஞ்சுதான்.”

அக்கா மடியிலிருந்த உருளையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஈரம் புடவையில் கறையாக இறங்கியிருந்தது. நாற்பத்து மூன்று மனு எழுதியவர். ஒரு அடி, ஒரு அங்குலம் தப்பாக எழுதாதவர். அவர் திட்டப் போகிறார், இயந்திரக்காரர் காதில் விழுகிற மாதிரி கத்தப் போகிறார் என்று நான் நினைத்தேன். கத்தினால் தேவலை என்றுகூட இருந்தது.

“உள்ளதைச் சொன்னா?”

“பாதை போடமாட்டாங்கக்கா. கேஸ் முடியற வரைக்கும் யாரும் தொடமாட்டாங்க.”

“எத்தனை வருஷம்?”

அவர் என்னைப் பார்த்தார். “சந்தைக் கட்டடத்துக்குப் பதினொரு வருஷம் ஆச்சுக்கா, இன்னும் கயிறு அவுக்கல” என்றேன்.

“இப்படிப் போட்டா?”

“மூணு வருஷம் நிக்கும்” என்றார் தம்பி.

அக்காவுக்கு அப்போது அறுபது வயது. மூன்றை அறுபதோடும் பதினொன்றை அறுபதோடும் கூட்டிப் பார்த்திருப்பார். இயந்திரக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே மேலே ஏறி வந்து, “அடுத்தது எங்க சார்? மரத்தடியாவே போய்ட்டிருக்கு. வெயில்ல ஒண்ணு போட்டுடலாமா, நாளைக்கு எவனாவது கேப்பான்” என்றார். நிழல் சார் நாற்காலியின் பிடியை விடாமல் வெயில் விழுந்த பாதையைப் பார்த்தார்.

அக்கா போனில் பேசும் குரலில், ஒவ்வொரு சொல்லாக, சொன்னார். “வேண்டாம் தம்பி. அடுத்த மரத்தடியிலேயே போடுங்க.”

எட்டும் முடிந்தது. அன்று மாலை நான் அறிக்கை அடித்தேன். மாதிரிகள் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்ற கட்டத்தில் “பாதை நெடுகிலும், பரவலாக” என்று நிழல் சார் எழுதித் தந்திருந்தார். அதே குண்டு எழுத்து. நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் அடித்தேன். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். ஓணான் நான்தான், வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

பணம் வந்தது. ஆறு வாரத்தில் பாதை பளபளவென்று ஆனது. நிழல் சார் மாலை, கேடயம், முழு ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போனார். பேசியவர்கள் எல்லோரும் வாய்க்கால் பாதையைத்தான் சொன்னார்கள். அக்கா தினமும் காலை ஆறு மணிக்கு, யாரையும் கேட்காமல், தானே வெளியே வந்தார். மருத்துவமனை வாசல் வரை போய்த் திரும்புவார். நான் எதிரில் வந்தால், “நல்லாருக்கியா” என்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை. அவரா இவர் என்று இருக்கும். முதல் தேதிகளில் எங்கள் தபாலில் அவர் கடிதம் வராது. வரத் தேவையில்லைதான், ஆனாலும் தபால்காரர் போன பிறகு ஒருமுறை கட்டைப் புரட்டிப் பார்ப்பேன். நிழல் சார் அந்தப் பாதையில் கால் வைக்கவே இல்லை. முன்னறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார். அக்கா திரும்பி வந்து சக்கரம் வாசல்படியில் இடிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் எழுந்து காபி போடுவார். இன்று எதுவும் உடையவில்லையே என்று கேட்க வாய் வராது. அக்காவும் தானாகச் சொல்வதில்லை.

மூன்று வருடம் என்றார். இரண்டு வருடம் எட்டு மாதத்தில் முதல் வெடிப்பு வந்தது. மூன்றாவது மரத்துக்கும் நாலாவது மரத்துக்கும் நடுவில், அக்கா விழுந்த அதே இடத்தில். அடுத்த மழைக்குப் பிறகு பாளம் எழும்பியது. நிழல் சாரின் மேசையில் இப்போது புது ஓவர்சியர். வெயிலில் நடுப்பாதையில் நின்று வேலை பார்க்கிற ஆள். பாதையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து, “என்ன மேடம் இது, மரத்தடியில மட்டும் ஒரு கீறல் இல்ல, மத்ததெல்லாம் போச்சு?” என்று கேட்டார்.

“நிழல் தாரைக் காப்பாத்தும் சார். இந்த ஊர்ல எல்லாருக்கும் தெரியும்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார்.

முதல் தேதி வந்தது. தபால்கட்டில் அக்காவின் கடிதம் இல்லை. அடுத்த மாதமும் இல்லை. மூன்றாவது மாதம் ஒரு காலையில் நானே பாதைக்குப் போனேன். அக்கா அந்தக் குழிக்கு முன்னால் நாற்காலியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒருபுறம் வாய்க்கால், மறுபுறம் முள்கம்பி, நடுவில் பாதை அகலத்துக்குப் பெயர்ந்து கிடந்தது. எவ்வளவு நேரமாக அங்கே இருந்தாரோ தெரியவில்லை. புது டயர் பழசாகி, ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது.

“அக்கா, மனு எழுதலையா?”

“என்னன்னு எழுதறது?”

குழியின் ஆழம், அகலம், எந்த மரத்திலிருந்து எத்தனை அடி என்று அவரால் கண்ணை மூடிக்கொண்டு எழுத முடியும். எழுதினால் யாராவது வந்து துளை போடுவார்கள். அவர் தம்பி ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். “பரவலாக” என்று அடித்த விரல் என்னுடையது. அடுத்த மரத்தடியிலேயே போடுங்க என்ற குரல் அவருடையது. ஊரில் அந்தப் பாதையைப் பற்றி வாய் திறக்க முடியாதவர்கள் மூன்றே பேர், அதில் இரண்டு பேர் குழியின் ஓரத்தில் இருந்தோம்.

தொலைவில் நாலாவது மரத்தின் நிழல் பாதைமேல் விழுந்திருந்தது. அக்கா அதைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு திரும்பாமலேயே சொன்னார்.

“அந்த மரம் வரைக்கும் கொஞ்சம் தள்ளிவிடறியா?”

இருபத்திரண்டு வருடப் பழக்கத்தில் அந்த நாற்காலியின் பிடியை நான் தொட்டதில்லை. முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழிக்குள் இறக்கி, மெதுவாகத் தள்ளினேன்.